செர்சோனில் ரொட்டி இல்லை

அன்புள்ள பாலு,

இங்கே எல்லோரும் நலம். உன் பெரியவளுக்கு வேலை கிடைத்த செய்தியை முரளி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? ட்ரீட் பாக்கி, மறக்காதே.

போனமுறை பேசும்போது, "போப் என்றால் ராஜா மாதிரி, அவர்மேல் யார் கை வைப்பது" என்றாய். முரளி குறுக்கே புகுந்து கிரிக்கெட் பேச ஆரம்பித்ததால் தப்பித்தாய். இப்போது கேள்.

முதலாம் மார்ட்டின் 649-இல் போப் ஆனார். அந்தக் காலத்தில் ரோம், கான்ஸ்தாந்திநோபிள் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. அவர் ஒப்புதல் தந்த பிறகே போப் பதவியேற்பது வழக்கம். இவர் காத்திருக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் ரோமின் லாத்தரன் கோவிலில் 105 ஆயர்களைக் கூட்டிச் சங்கம் நடத்தினார். கிறிஸ்துவுக்குச் சித்தம் ஒன்றா, இல்லை தெய்வச் சித்தம், மனிதச் சித்தம் என்று இரண்டா என்று அப்போது பெரிய சண்டை. ஒன்று என்றும் பேசக்கூடாது, இரண்டு என்றும் பேசக்கூடாது என்று பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் ஆணை போட்டிருந்தார், நம் வார்டன் நோட்டீஸ் மாதிரி. சங்கம் இரண்டுதான் என்றது, ஆணையையும் கண்டித்தது.

653 ஜூனில் பேரரசரின் ராவென்னா ஆளுநர் படையோடு வந்து இறங்கினார். கீல்வாதத்தால் நடக்க முடியாத மார்ட்டின், கோவிலில் பீடத்துக்கு முன்னால் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். கான்ஸ்தாந்திநோபிள் துறைமுகத்தில் பகல் முழுக்கக் கப்பலிலேயே கிடத்தி வைத்தார்கள், வருவோர் போவோரெல்லாம் வைதுவிட்டுப் போக.

விசாரணை இன்னும் அழகு. அவர் விசுவாசத்தைப் பற்றி வாயைத் திறந்ததும், "அந்தப் பேச்சே வேண்டாம், பேரரசரை எதிர்த்த கலகக்காரனோடு சேர்ந்தாயா, அதைச் சொல்" என்று அதட்டினார்கள். கெட்டிக்காரர்கள்! கொள்கைக்காகத் தண்டித்தால் தியாகி ஆகிவிடுவார், ராஜத்துரோகி என்றால் கதை முடிந்தது. உடையைக் கிழித்து, கழுத்தில் சங்கிலி மாட்டித் தெருவில் இழுத்தார்கள். சாகக் கிடந்த தலைநகரப் பேராயர் பவுல், எதிர்க்கட்சிக்காரர்தான், மனம் கேளாமல் கொல்ல வேண்டாம் என்று சொன்னதால் உயிர் தப்பி, கிரிமியாவில் செர்சோனுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அங்கிருந்து எழுதிய கடிதங்களைப் படித்தபிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. ரொட்டி என்ற பேர்தான் காதில் விழுகிறது, கண்ணில் காணோம் என்கிறார். பேதுருவின் திருச்சபையிடம், அதாவது ரோம் சபையிடம், தங்கம் இல்லாவிட்டாலும் தானியமும் திராட்சரசமும் உண்டே என்கிறார். பேரரசரைப் பற்றிப் பெரிதாகப் புலம்பவில்லை பாலு. நண்பர்களும் சொந்தக்காரர்களும் நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடக் கேட்கவில்லையே என்பதுதான் அவர் வருத்தம். ரோம்காரர்கள் 654-லேயே யூஜினைப் போப்பாக்கிவிட்டார்கள், இவர் உயிரோடு இருக்கும்போதே. நெருக்கடி இருந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு மூட்டை கோதுமை அனுப்புவதை யார் தடுத்தது? ஆனாலும் மனிதர் அவர்களுக்கு இப்போது மேய்ப்பராய் இருப்பவருக்காகவும் வேண்டிக்கொள்கிறார். நானாக இருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன்.

655 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். 680-இல் அதே கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய பொதுச்சங்கம், மறு வருஷம் இரண்டு சித்தம் என்றே முடிவு சொன்னது. இப்போது அவர் புனிதர்.

அப்புறம், தமிழய்யா கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசு. நம்பரை முரளி அனுப்புவான். என்னிடம் பேசியபோது முதலில் கேட்டதே உன்னைப் பற்றித்தான்.

அன்புடன்,
ராஜு