எதற்காகப் பக்கம் காத்திருக்க வேண்டும்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனி பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு உன்னிடம் விவாதத்துக்கு வருவார்கள், தயாராக இரு. இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. வீடே அவள் டைம்டேபிள்படிதான் ஓடுகிறது.

நூலகத் தளத்தை பிஎச்பியிலிருந்து ஸ்வெல்ட்கிட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்குக்கு மாற்றுவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. புத்தகப் பக்கம் திறக்க நேரமாகிறது என்கிறாயே, பக்கத்துக்கு வேண்டிய தகவலைத் திரட்டும் லோட் ஃபங்ஷனை நீ அனுப்பியிருந்தாய், பார்த்தேன். புத்தக விவரம், பிரதி கையிருப்பு, "இதையும் படிக்கலாம்" பட்டியல் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அவெயிட் செய்திருக்கிறாய், அதாவது ஒன்றின் விடை வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறாய். முதலாவதுக்கு 50 மில்லிசெகண்ட், இரண்டாவதுக்கு 200, மூன்றாவதுக்கு 900 என்று வைத்துக்கொள். வாசகர் 1150 மில்லிசெகண்ட் வெற்றுத் திரையைப் பார்க்கிறார். மூன்றும் புத்தக எண்ணை மட்டுமே கேட்கின்றன, ஒன்றுக்கு மற்றொன்றின் விடை தேவையில்லை. அப்படியானால் மூன்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டு பிராமிஸ்.ஆல் கொண்டு மூன்றுக்கும் சேர்த்துக் காத்திருந்தாலே 900க்கு வந்துவிடும்.

ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. பரிந்துரைப் பட்டியலுக்காக வாசகரை ஏன் காக்க வைக்க வேண்டும்? கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை சோறு போடாமல் இருப்பதில்லையே. அந்தப் பட்டியலின் பிராமிஸை, அதாவது விடை பிறகு வரும் என்ற வாக்கை, அவெயிட் செய்யாமல் அப்படியே ரிட்டர்ன் செய்துவிடு. சர்வரில் ஓடும் லோடிலிருந்து பிராமிஸ் வந்தால், ஸ்வெல்ட்கிட் மற்றதை வைத்துப் பக்கத்தை அனுப்பிவிடும். இணைப்பை மூடாமல் வைத்திருந்து, பட்டியல் தயாரானதும் அதே பதிலின் தொடர்ச்சியாக அனுப்பும். பக்கத்தில் அவெயிட் பிளாக் போட்டு "வருகிறது" என்று ஒரு வரி காட்டினால் போதும். இப்போது வாசகர் காத்திருப்பது 200 மில்லிசெகண்ட்தான். ஒரு கவனம்: பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்யாதே. 2023 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்புக்கு முன்பு, ரிட்டர்ன் செய்யும் ஆப்ஜெக்ட்டின் மேல்மட்டத்தில் இருக்கும் பிராமிஸ்களுக்கு ஸ்வெல்ட்கிட் தானே காத்திருந்துவிடும்.

எதைக் காத்திருந்து அனுப்புவது, எதைப் பின்னால் விடுவது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், அதை ஃபிரேம்வொர்க் செய்து தராது. நான் பார்ப்பது இதுதான்: அது இல்லாவிட்டால் பக்கத்துக்கு அர்த்தம் உண்டா? புத்தகத்தின் பெயரும் கையிருப்பும் கட்டாயம் முதலில் போக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத உலாவியில் பின்னால் வரும் தகவல் காட்டப்படாது. இன்னொன்று, பதிலின் தலைப்பகுதி ஒருமுறை போய்விட்டால் ஸ்டேட்டஸ் கோடை, அதாவது பக்கம் கிடைத்ததா இல்லையா என்று சொல்லும் எண்ணை, மாற்ற முடியாது. புத்தகமே இல்லை என்றால் 404 என்பதை அதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். லாகின் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்வதும் அப்படித்தான்.

பின்னால் விட்ட பிராமிஸ் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வை. பக்கம் ரெண்டர் ஆகத் தொடங்கும் முன்பே அது ரிஜெக்ட் ஆகி (தோற்று), பிடிக்க யாரும் இல்லையென்றால், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் பிராசஸே விழுந்துவிடும். பதிப்பு 15 முதல் நோட் அப்படித்தான் நடந்துகொள்கிறது. தகவல் வாங்க லோட் தரும் ஃபெட்ச் ஃபங்ஷனை நேரடியாகப் பயன்படுத்தினால் ஸ்வெல்ட்கிட்டே பார்த்துக்கொள்ளும். நீ டேட்டாபேஸை நேரடியாகக் கேட்கிறாய், அதனால் அந்த பிராமிஸில் தோல்வியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வெற்று கேட்ச் மாட்டிவிடு. அவெயிட் பிளாக்கில் கேட்ச் பகுதியும் எழுது. பட்டியல் வராவிட்டாலும் புத்தகப் பக்கம் நிற்க வேண்டும்.

அப்புறம், பல பக்கங்களுக்குப் பொதுச் சட்டகமான லேஅவுட்டின் லோடும் பக்கத்தின் லோடும் சேர்ந்தே ஓடும். பக்கத்தின் லோடில் முதல் வரியிலேயே பேரன்ட்டை, அதாவது லேஅவுட் தரும் தகவலை, அவெயிட் செய்தால் அந்த லாபம் போய்விடும். உன் வேலையைக் கிளப்பிவிட்டு அதற்குப் பிறகு பேரன்ட்டைக் கேள்.

என்னை உண்மையில் கவலைப்படுத்தியது வேறு. லாகின் செய்தவரின் பெயரை ஃபைலின் மேலே ஒரு வேரியபிளில் வைத்து, லோடில் அதை நிரப்பியிருக்கிறாய். பிஎச்பியில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் புதிதாகத் தொடங்கி முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடும், அந்தப் பழக்கம் உனக்குக் கை வந்திருக்கிறது. நோட் அப்படியில்லை. பிராசஸ் நாள் முழுக்க ஓடுகிறது, அந்த வேரியபிள் எல்லா வாசகருக்கும் பொது. ஒருவர் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொருவரின் ரிக்வெஸ்ட் வந்து அதில் தன் பெயரை எழுதிவிடும். முதலாமவர் பக்கத்தில் இரண்டாமவர் பெயர், அவர் எடுத்த புத்தகங்கள் எல்லாம் தெரியும். டெவலப்மென்ட்டில் நீ ஒருவன்தானே பார்க்கிறாய், அதனால் அங்கே இது தெரியவே தெரியாது. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம். தயவுசெய்து வேறு எதைத் தொடும் முன்பும் இதை மாற்று. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் முதலில் ஓடும் ஹூக்கில் குக்கியைப் படித்து, அந்த ரிக்வெஸ்ட்டுக்கு மட்டுமே உரிய லோக்கல்ஸில் வை, லோடில் அங்கிருந்து எடுத்துக்கொள். ஸ்வெல்ட்டின் ஸ்டோரில் வைத்தாலும், அது மாட்யூல் மட்டத்தில், அதாவது ஃபைலின் மேலே, இருந்தால் இதே ஆபத்துதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நேரடித் தளத்தில் எல்லாம் மொத்தமாகவே வந்தால், நோடுக்கு முன்னால் நின்று பதிலைக் கடத்தும் எஞ்சின்எக்ஸ் சர்வரைப் பார். ப்ராக்ஸி பஃபரிங் அதில் இயல்பாகவே ஆனில் இருக்கும், துண்டு துண்டாக வருவதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

பரிந்துரைப் பட்டியலைத் தரும் ஏபிஐ உங்களுடையதா, வெளியாளுடையதா? 900 மில்லிசெகண்ட் அளவுக்கு இழுத்தால், அதைக் கொஞ்ச நேரம் கேஷில் சேமித்து வைக்கலாமா என்று யோசிக்கலாம். அது எல்லோருக்கும் ஒரே பட்டியலா, ஆளுக்கு ஆள் மாறுமா என்று எழுது, அதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம். லேப்டாப்பை எடுத்து வை, உட்கார்ந்து பார்த்துவிடலாம். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமார்