தடுப்பு செல்னா பக்கத்து செல்லோட நின்னுடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் அறிவியல் பக்கத்துல மூளையைப் பத்தி வந்த கட்டுரையில, தடுப்பு நரம்பு செல்கள் தன்னைச் சுத்தி இருக்கிற செல்களை மட்டும்தான் அடக்கும், தூரத்துல இருக்கிற பகுதிகளை இணைக்கிறது முழுக்க முழுக்க தூண்டுற செல்களோட வேலைன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. வேற யாராவது படிச்சிருந்தா அடுத்த பத்திக்குப் போயிருப்பாங்க. என்னால போக முடியல. எங்க அப்பாவைக் கொண்டுபோனதே அந்த மாதிரி தூரத்துக்குப் போற தடுப்பு செல்கள் ஒவ்வொண்ணா அழிஞ்ச வியாதிதான்.

ஹண்டிங்டன் நோய், உங்களுக்குத் தெரியாம இருக்காது. மூளைக்குள்ள ஆழத்துல ஸ்ட்ரையேட்டம்னு ஒரு பகுதி இருக்கு, அங்க இருக்கிறதுல பெரும்பாலானவை காபாங்கிற, அடுத்த செல்லை அடக்குற ரசாயனத்தைச் சுரக்கிற தடுப்பு செல்கள், அதுங்களோட ஆக்ஸான், அதாவது செல்லுலேருந்து நீளமா போற இழை, பக்கத்துலயே நின்னுடுறது இல்ல, ஸ்ட்ரையேட்டத்தைத் தாண்டி குளோபஸ் பாலிடஸ், சப்ஸ்டான்ஷியா நைக்ராங்கிற வேற ரெண்டு பகுதிக்கும் போகுது. அங்கேருந்து கிளம்பி, அசைவுக்கான தகவலை மூளையோட மேல்பட்டைக்கு அனுப்புற தலாமஸுக்குப் போறதும் தடுப்பு செல்தான். அந்தக் கடைசி செல்கள் தலாமஸை எந்நேரமும் அமுக்கிப் பிடிச்சிருக்கு, ஒரு அசைவு வேணும்ங்கிறப்ப ஸ்ட்ரையேட்டம் அந்த அமுக்குற செல்லையே அமுக்குது, தலாமஸ் விடுபடுது, கை நகருது. ஒரு தடுப்பை இன்னொரு தடுப்பு தூக்குது. நாம ஒரு டம்ளரை எடுக்கிறதே இந்த ஏற்பாட்டுலதான் நடக்குது சார், இதைப் போய் பக்கத்து செல்லோட முடிஞ்சுடும்னு எழுதினா எப்படி?

அப்பாவுக்கு முதல்ல போனது ஸ்ட்ரையேட்டத்துலேருந்து குளோபஸ் பாலிடஸோட வெளிப்பகுதிக்குப் போற செல்கள். இந்த வியாதியில பொதுவா அதுதான் முதல்ல போகும். இது நான் மேல சொன்ன பாதை இல்ல, சுத்தி வளைச்சுப் போய் தலாமஸ் மேல இருக்கிற பிடியை இறுக்குற இன்னொரு பாதை, அது போனா அந்தப் பிடி தளர்ந்துடும், கேக்காத அசைவெல்லாம் வர ஆரம்பிக்கும். கை மடியில சும்மா கிடக்கிறப்பவே விரல் தானா மடங்கி நிமிரும், கை மேல எழும்பும், யாராவது பாத்துட்டாங்கன்னா அதை அப்படியே கொண்டுபோய் தலைமுடியைக் கோதுற மாதிரி முடிச்சுடுவார். நாக்கை நீட்டச் சொன்னா நீட்டுவார், ஆனா நீட்டின நாக்கை அப்படியே வெச்சிருக்க முடியாது, சட்டுனு உள்ள போயிடும். தெருவுல நடக்கிறப்ப குடிச்சிருக்கார்னு பேசினாங்க. முதல்ல பாத்த டாக்டர் நரம்புத் தளர்ச்சின்னு ஊசி போட்டு அனுப்பிட்டார். ரொம்ப நாள் கழிச்சு வேற ஒரு டாக்டர்தான் ஸ்கேனை வெளிச்சத்துல பிடிச்சு, ஸ்ட்ரையேட்டத்துல காடேட்ங்கிற இடம் சுருங்கிப்போய் பக்கத்துல இருக்கிற நீர் அறை பெருசானதைக் காட்டி, எந்த செல் எங்க போகுதுன்னு பொறுமையா சொன்னார். இதுக்குக் காரணமான ஜீனை 1993லயே கண்டுபிடிச்சுட்டாங்க, நாலாவது குரோமோசோம்ல இருக்கு, அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும் என் தங்கச்சிக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். அதனாலதான் இந்தப் பக்கத்தை நான் பொழுதுபோக்குக்காகப் படிக்கிறதில்ல.

இது முதல் தடவையும் இல்லைங்க. முன்னாடி கேள்வி பதில் பகுதியில ஒரு வாசகர் பதட்டத்துக்குக் கேட்டதுக்கு, காபா குறைச்சலா இருக்கும், காபா மாத்திரை வாங்கிச் சாப்பிடுங்கன்னு பதில் வந்துச்சு. வாய் வழியா சாப்பிடுற காபா ரத்தத்துலேருந்து மூளைக்குள்ள அவ்வளவு சுலபமா போகாது. டையஸெபாம் மாதிரி மருந்தெல்லாம் காபாவை ஊத்துறதில்ல, செல் மேல காபாவை வாங்கிக்கிற ரிசப்டர் இன்னும் நல்லா வேலை செய்யுற மாதிரி பண்ணுது, அதுவும் டாக்டர் கண்காணிப்புல சாப்பிட வேண்டியது. அப்பவே மரியாதையா ஒரு கடிதம் போட்டேன். நீங்க அதைப் பிரசுரிக்கவும் இல்ல, ஒரு வரி பதிலும் இல்ல.

அப்புறம் தூக்கத்தைப் பத்தின சிறப்புப் பக்கம். தூங்குறப்போ மூளை அப்படியே ஓய்வெடுக்குதுன்னு எழுதினீங்க. மூளையோட அடிப்பக்கத்துல இருக்கிற ஹைப்போதலாமஸ்ங்கிற பகுதியோட முன்பக்கத்துல ஒரு சின்னக் கூட்டம் தடுப்பு செல்கள் இருக்கு, நாம தூங்குறப்ப அதுதான் மும்முரமா வேலை பாக்குது, நம்மளை முழிச்சிருக்க வைக்கிற மையங்களுக்கு காபாவை அனுப்பி அதுங்களை அடக்கி வைக்குது. அங்க அடிபட்டா தூக்கமே கெட்டுப்போகும். இதுவும் ஒரு பகுதியிலேருந்து இன்னொரு பகுதிக்குப் போற தடுப்புதானே?

சிறுமூளையை எடுத்துக்கங்க. அங்க இருக்கிற பர்கிஞ்ஜி செல்லை 1837லயே கண்டு எழுதிட்டாங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கே அதோட படம் தெரியும், கிளை கிளையா விரிஞ்சிருக்குமே அதுதான். சிறுமூளையோட மேல்பட்டையிலேருந்து வெளிய போற ஒரே வழி அந்த செல்தான், அது தடுப்பு செல்னு ஜப்பான்ல மசாவோ இட்டோ குழு 1960கள்லயே காட்டிட்டாங்க. நினைவாற்றல் பக்கம் வந்தா, செப்டம்ங்கிற இடத்துலேருந்து, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸுக்கு வர்ற காபா செல்கள் அங்க இருக்கிற தடுப்பு செல்களையே தேடிப் பிடிக்குதுன்னு ஃப்ராய்ண்ட், அண்டல்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1988ல எழுதினாங்க. அங்கயும் அதே கதை, தடுப்பைத் தடுத்து மத்த செல்களை ஒரு தாளத்துக்குக் கொண்டுவர்றது. ஹிப்போகேம்பஸுக்கும் அதுக்குப் பக்கத்துப் பட்டைப் பகுதியான என்டோரைனல் கார்டெக்ஸுக்கும் நடுவுல ரெண்டு திசையிலயும் தூரத்துக்குப் போற காபா செல்கள் இருக்குன்னு 2012ல வந்துடுச்சு. பெருமூளைப் பட்டையில இருக்கிற தடுப்பு செல்கள்ல பெரும்பாலானவை பக்கத்துலயே வேலை பாக்கும், அது உண்மைதான், உங்க கட்டுரையாளர் அதை மட்டும் படிச்சிருக்கணும். அந்தப் பட்டையிலயும் தூரம் போற செல்கள் கொஞ்சம் இருக்கு. எண்ணிக்கை குறைச்சல்னு இல்லவே இல்லைன்னு எழுதிடலாமா?

எங்களை மாதிரி குடும்பங்களுக்கு டாக்டர் பேச ஒதுக்குற நேரம் ரொம்பக் கம்மி, மிச்சத்தை நாங்களேதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிறோம், தமிழ்ல படிக்கக் கிடைக்கிறது உங்களை மாதிரி ஒண்ணு ரெண்டு பத்திரிகைதான். அப்பா படுக்கையில இருந்தப்பகூட உங்க பத்திரிகையைத்தான் சத்தமா படிச்சுக் காட்டுவேன். இன்னிக்கு இந்த வியாதி வந்த ஒருத்தரோட பொண்ணு உங்க கட்டுரையைப் படிச்சுட்டு டாக்டர்கிட்ட போனா, அவர் சொல்றது அவளுக்கு எப்படிப் புரியும்? இதை நீங்க யோசிக்கலைங்கிறதுதான் மனசுக்கு ரொம்ப வலிக்குது. உங்களுக்குத் தெரியாத விஷயமா இருந்தா இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த இதழ்ல நாலு வரி திருத்தம் போடுங்க. கட்டுரையோட வந்த படத்துல ஒரு பகுதியிலேருந்து இன்னொண்ணுக்குப் போற எல்லாக் கோட்டுக்கும் அம்புக்குறி போட்டிருக்கீங்க, ஸ்ட்ரையேட்டத்துலேருந்து போறதுக்கும் சிறுமூளைப் பட்டையிலேருந்து போறதுக்கும் மட்டும் அம்புக்குப் பதிலா நுனியில ஒரு குறுக்குக்கோடு போட்டா போதும், பாடப்புத்தகத்துல தடுப்புக்கு அப்படித்தான் போடுவாங்க. எந்தெந்தக் கோடுன்னு அந்தப் பக்கத்தோட நகல்லயே சிவப்பு மையில குறிச்சு இதோட வெச்சிருக்கேன். என் பேரைப் போட வேண்டாம், தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி
(பெயர், முகவரி தனித்தாளில்)