புற்றுக்காளானுக்கு விதை இல்லை, ரணகள்ளிக்கு ஒரு இலை போதும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் மழை பிடித்துவிட்டால் அல்சூரில் இருக்கும் எங்கள் நர்சரிக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும்: "புற்றுக்காளான் விதை கிடைக்குமா?" போன வாரம் ஓர் அம்மா, "ரணகள்ளியை ஒரே இலையில் வளர்த்துவிட்டேன், காளான் மட்டும் ஏன் வராது?" என்றார். நல்ல கேள்வி. அதற்காகத்தான் இந்த மடல்.

ரணகள்ளி இலையின் ஓரத்து வெட்டுகளில் கன்றுகள் முளைக்கும். நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும் வரும். 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். வேண்டிய நீர் சதைப்பற்றான இலையிலேயே இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி இது. இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் செலவழிக்கும். இந்த இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சப்பென்று இருக்கிறது என்று எழுதியவர் பெஞ்சமின் ஹெய்ன். திப்புவுக்குப் பிறகு நம் லால்பாக்கைக் கவனித்துக்கொண்டவர். அவர் கடிதம் 1815-இல் அச்சானது. நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். இதயத்தைப் பாதிக்கும் நச்சு இதில் உண்டு, தின்ற மாடுகள் இறந்திருக்கின்றன.

புற்றுக்காளான் செடியே அல்ல, பச்சையமும் கிடையாது. மண்ணுக்கடியில் கறையான்கள், தின்று கழித்த சருகு, மரச் சக்கையைத் தேனடை மாதிரி அடுக்குகின்றன. காளான் இழைகள் அதில் படர்ந்து, கறையானுக்குச் செரிக்காததைச் செரிக்கும்படி ஆக்கித் தருகின்றன. கறையான் அதைத் தின்று வாழ்கிறது, காளானுக்கும் தீனி சேர்க்கிறது. நல்ல மழைக்குப் பின் அங்கிருந்து வேர் போன்ற நீண்ட தண்டு மேலேறிக் குடை விரிக்கும். ஊரில் பிடுங்கியவர்களுக்கு அந்த வால் நினைவிருக்கும். சிப்பிக்காளானுக்கு வைக்கோல் போதும். இதற்குக் கறையான் குடும்பமே வேண்டும். அதை நாங்கள் தொட்டியில் வைத்துத் தர முடியாது. 'புற்றுக்காளான் விதை' என்று யாராவது பொட்டலம் நீட்டினால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் உங்கள் தொட்டிகளில் மஞ்சளாகச் சின்னக் குடைகள் வரும். மக்கிய உரத்தைத் தின்பவை, செடிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் சமைக்கவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடானால் கிள்ளி எறிந்துவிட்டுக் கை கழுவுங்கள்.

ரணகள்ளி இலை வேண்டுபவர்கள் கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நர்சரியார்