போர்க்கிணறு வற்றுவதை அவரிடம் சொல்லிவிடு

பினாங்கு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேலத்தெரு மாமா மகன் கொண்டுவந்து கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாதது தப்புதான். போனில் பேசினால் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், நிலம் விற்கிற விஷயம் பேச முடியாது, அதனால்தான் நீயும் எழுதினாய், நானும் எழுதுகிறேன். கருவாடு வந்து சேர்ந்தது. அறையில் வறுத்தபோது கீழ்வீட்டுச் சீனப் பாட்டி மாடி ஏறி வந்து, என்ன வாசம் என்று கேட்டு, இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு நான் வேலை பார்க்கிற நாசி கண்டார் கடையிலேயே. நாசி கண்டார் என்றால் சோற்றின்மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவது, அப்படி ஊற்றுவதை 'பஞ்சிர்' என்பார்கள், வெள்ளம் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் தோளில் காவடிபோலத் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் தூக்கி விற்றார்களாம், அந்தத் தண்டுக்குப் பேர்தான் கண்டார். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, இப்போது பழகிவிட்டது. ஆனாலும் உன் கையால் வைத்த கருவாட்டுக் குழம்பு வேறு.

தட்டைப் பார்த்துச் சீட்டில் தொகை எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. விலை எழுதி வைக்க வேண்டும் என்று இங்கே சட்டம், எங்கள் கடையிலும் பட்டியல் தொங்குகிறது. ஆனால் கணவாய் மீன் எவ்வளவு பெரியது, மீன்முட்டை எத்தனை துண்டு என்று யார் பார்க்கிறார்கள்? சீட்டு எழுதுகிறவன் எழுதியதுதான் கணக்கு. வெளியூர்க்காரர்கள் வந்தால் மூன்று வெள்ளி, ஐந்து வெள்ளி (இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள்) கூட்டிப் போடு என்று கூட வேலை செய்கிறவர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். இரண்டு மாதம் நானும் அப்படித்தான் எழுதினேன் அக்கா.

கருவாடு வாங்கிப்போன அந்தக் கீழ்வீட்டுப் பாட்டி அட்டைப்பெட்டி பொறுக்கி விற்கிறவர். ஒருநாள் சாயங்காலம் கதவைத் தட்டினார். கையில் ஐம்பது வெள்ளி நோட்டு, நாலாக மடித்து, செய்தித்தாள் துண்டில் சுற்றியிருந்தது. நான் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த பெட்டிக்குள் கிடந்ததாம். "லூ பூன்யா?" என்றார், உன்னுடையதா என்று. நாள் முழுக்க அட்டை சுமந்தாலும் அவருக்கு அவ்வளவு வராது. என் பணம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கையை நீட்டிவிட்டேன். அப்புறம்தான் இழுத்துக்கொண்டு, என்னுடையது இல்லை, கடையில் விசாரிக்கிறேன் என்றேன். சரக்கு இறக்கும் பையனுடைய பணம், மறுநாள் அழாத குறையாகத் தேடிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு கூட்டி எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் பேச்சு கேட்டேன், அது கிடக்கட்டும். இப்போது ராத்திரி ஷிப்ட், பாத்திரம் பக்கம். கூட்டம் குறைவு, ஓவர்டைம் இல்லை, அதனால்தான் இந்த மாதம் பணம் குறைந்தது. வேறொன்றும் இல்லை, அத்தானிடம் சொல்லிவிடு.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் அம்மா நேர்ந்துகொண்டபடி 513 படியும் ஏறிவிட்டேன். இறங்கும்போது பின்னால் யாரோ "தம்பி" என்றார்கள். இங்கே மலாய்க்காரர், சீனர், அறுபது வயதுக்காரர்கூட எங்களை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சரி, மேலக்காட்டு நிலத்தை விற்கிற விஷயம். வாங்கப்போகிற காரைக்குடிக்காரர் மார்கழியில் வந்து பார்த்தார், போர்க்கிணறு நன்றாக ஊற்றியது, சித்திரையில் அரைமணி நேரம் ஓடினால் காற்றுதான் வரும் என்று நாமாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். அவர் தென்னை வைக்கப்போகிறார் அக்கா. மூன்று வருஷம் வளர்த்த கன்று நாலாம் வருஷம் கருகினால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? அப்பா கடலை மூட்டை போடும்போது அடியில் ஈரம் இருந்தால் வியாபாரி கையை உள்ளே விடச் சொல்லி, அவரே எடை கழிக்கச் சொல்வார். நீதான் அப்போது மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

விலை குறையும், தெரியும். பாப்பா கல்யாணத்துக்கு மண்டபம் வேண்டாம், கோவிலில் வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டில் பெரியப்பாவைப் பேசச் சொல். நகையில் என் பங்கு அடுத்த தை மாதத்துக்குள் வந்துவிடும்.

பவர் பத்திரத்துக்கு நான் கோலாலம்பூர் இந்தியத் தூதரகம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், பஸ்ஸில் போய்வர ஒருநாள் லீவு. பத்திரம் ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், அத்தான் மறந்துவிடப் போகிறார். சர்வே எண், பட்டா நகல் இரண்டும் அனுப்பு. அந்தக் காரைக்குடிக்காரர் நம்பரையும் எழுது, உங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நானே பேசுகிறேன். அவரிடம் பேசிய பிறகுதான் கையெழுத்து.

அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், கேட்டு வாங்கிக் கொடு.

உன் தம்பி