தாமதமாக வந்தவர்கள் நாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வயிற்றுக்குள் பரவும் புற்றுநோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கிய கீமோ மருந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வயிற்றுக்குள் சுழலவிடும் ஹைபெக் சிகிச்சையை நன்றாக விளக்கியிருந்தீர்கள். தென்மாவட்டத்து நோயாளிகள் தாமதமாக வருவதால்தான் பலன் இல்லை என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

என் உடன்பிறந்த ஆச்சி (அக்கா) தாமதமாகப் போகவில்லை. இருபது வருடம் கட்டிய கண்டாங்கிச் சேலை கொசுவத்துக்குப் பத்தவில்லை என்று சொன்ன வாரமே டாக்டரிடம் கூட்டிப்போனோம். கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து இன்னோர் இடத்தில் ஊசி போட்டு வயிற்று நீரை இறக்கினார்கள். கட்டிலடியில் பாட்டில் மஞ்சளாக நிறைவதைப் பார்த்தபடி, "தம்பி, இனிமே சேலை சரியா வரும்ல?" என்று கேட்டார். அப்புறம்தான் ஸ்கேன். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. மதுரையில் கீமோ, ஆபரேஷன். அத்தனை அலைச்சலிலும் ஹைபெக் என்ற பெயரை ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை. போன ஆடியில் ஆச்சி போய்விட்டார். அந்தப் பெயரை நான் முதலில் பார்த்ததே உங்கள் பத்திரிகையில்தான் ஐயா.

மருத்துவம் படிக்கும் பேத்தியை உட்காரவைத்துக் கேட்டேன். எல்லாருக்கும் உகந்தது இல்லையாம். பெருங்குடல் புற்றுநோயில் 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை என்றாள். சரி. ஆனால் ஆச்சிக்கு வந்த அதே மூன்றாம் நிலை நோயில், 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஆபரேஷனோடு இதையும் சேர்த்தபோது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமானது. ஆச்சி கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கக்கூட எங்களுக்கு வழி இல்லாமல் போனதே!

வயிற்றில் கூழாகச் சுரக்கும் ஓர் அபூர்வ நோய்க்கு இதே சிகிச்சை தர இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக், மான்செஸ்டர் என்று இரண்டே மையங்கள். எந்த ஊரில் கண்டுபிடித்தாலும் அங்கே அனுப்புகிறார்கள். நமக்கோ, முதலில் எந்த டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம் என்பதுதான் தலைவிதி.

செட்டிநாடு என்றால் கோழிக்குழம்பும் ஆத்தங்குடிக் கல்லும்தான் உங்களுக்கு. வருடா வருடம் நான்கு பக்கம் போடுகிறீர்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் முயற்சியில் 1954இல் சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. இன்றைக்கும் பெரிய சிகிச்சை என்றால் ஃபைலைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு விடியற்காலைப் பல்லவன் ரயிலில்தான் ஏறுகிறோம்.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். தமிழ்நாட்டில் எந்தெந்த மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை உண்டு, முதலமைச்சர் காப்பீட்டில் சேருமா, யாரிடம் கேட்பது என்று அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். தொலைபேசி எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் வயதானவர்களுக்கும் உதவும்.

இப்படிக்கு,
தேவகோட்டை வாசகர்