சிப்பி, மீன், கிணற்று நீரில் கதிரியக்கத்தை அளந்து தமிழில் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
கடலோர மீனவக் குடும்பங்கள்,
மணவாளக்குறிச்சி சுற்றுவட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: உணவில் உள்ள இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கரையின் கருமணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்ன சங்கதி இது. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது, கொஞ்சம் யுரேனியமும் உண்டு. இவை சிதையும்போது ரேடியம் போன்ற வேறு கதிரியக்கப் பொருள்கள் உண்டாகின்றன. மலைப் பாறை கரைந்து, ஆற்றோடு வந்து, அலை ஒதுக்கிய மணல் இது. யார்மேலும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை.

பக்கத்துக் கேரளத்தில், கருநாகப்பள்ளிக் கரையில், ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2009-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். கதிரியக்கத்தால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள். எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அது வீட்டுக்குள்ளும் வெளியிலும் அளந்த, உடம்பின்மேல் படும் காமா கதிரை வைத்துப் போட்ட கணக்கு. சாப்பாட்டோடு உள்ளே போவதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

அப்படி அளக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியின் ஷாகுல் ஹமீது தம் குழுவினரோடு காவிரியில் தண்ணீர், வண்டல், சிப்பி, மீன் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ரேடியம்-226, பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள்களின் அளவைப் பார்த்தார். ஆற்றுச் சிப்பி ரேடியத்தைச் சதையிலும் ஓட்டிலும் சேர்த்து வைக்கிறது, அதைப் பார்த்தே ஆற்றின் நிலையைக் கண்காணிக்கலாம் என்று எழுதினார்கள்.

ஐயா, எங்கள் கவலையும் சிப்பியில்தான். மீன் என்றால் குடலை எடுத்து எறிந்துவிட்டுத்தான் குழம்பு வைக்கிறோம். சிப்பியை அப்படிச் செய்வதில்லை. பாறையில் இருந்து பெயர்த்து வந்து, அவித்து, ஓடு வாய் பிளந்ததும் பாறையில் ஒட்டிக்கொள்ளும் நாரை மட்டும் பிடுங்கிவிட்டு முழுசாக வதக்கி, மரச்சீனிக் கிழங்கோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். கடல்நீரில் எங்குமே சிறிதளவு உள்ள பொலோனியம் சிப்பியின் செரிமானச் சுரப்பியில்தான் அதிகம் சேரும். அந்தப் பாகத்தையும் சேர்த்தே தின்கிறோம்.

ஆய்வுக்கென்று வருகிறவர்கள் மணலும் மீனும் எடுத்துப் போகிறார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் வந்து சொன்னதில்லை. இதனால் இரண்டு கெடுதல். உண்மையில் ஆபத்து இருந்தால் எங்களுக்குத் தெரியாமல் போகிறது. இல்லாவிட்டாலும், யாரோ கிளப்பிவிடும் பேச்சில் மீன் விலை விழுந்து, கூடை சுமக்கும் பெண்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

ஆகவே, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தாங்கள் எழுதி, மாவட்டக் கல்லூரி ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் சிப்பி, மீன், மரச்சீனி, கிணற்று நீர் மாதிரிகளை எடுத்து அளக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். மணல் கருக்காத ஊர் ஒன்றிலும் இதேபோல் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். முடிவைத் தமிழில், இத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பதோடு நிறுத்தாமல், வாரத்துக்கு எவ்வளவு சிப்பி சாப்பிடலாம், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடலாமா என்று புரியும்படி எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

நாளைச் சொன்னால் சரி, மாதிரி எடுக்க வள்ளமும், சிப்பி எடுக்கத் தெரிந்த ஆட்களும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீனவக் குடும்பத்தினர்.