எங்கள் ஒழுங்கையின் வாய்க்கால்

திருகோணமலை

அன்பு நண்பனுக்கு,

நாங்கள் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்களா? இங்கே மாரி தொடங்கிவிட்டது.

"மாகாண சபை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அதிகாரமெல்லாம் கொழும்பில்தானே" என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தாய். அந்த வரி என்னை விடவில்லை. ‘அமெரிக்காவில் மக்களாட்சி’ என்ற நூலை எழுதிய தொக்வில் என்ற சிந்தனையாளரை மறுபடி எடுத்துப் படித்தேன். 1831இல், இருபத்தைந்து வயதில், சிறைச்சாலைகளைப் பார்வையிடவென்று அமெரிக்கா போன அந்தப் பிரெஞ்சுக்காரரின் மனம் அங்கிருந்த ஊர்ச்சபைகளில் நின்றுவிட்டது. அறிவுக்கு ஆரம்பப் பள்ளி எப்படியோ, சுதந்திரத்துக்கு ஊர்ச்சபை அப்படி என்கிறார். நாட்டு விவகாரம் எதிலும் அக்கறையில்லாதவன்கூட, தன் காணியின் ஓரமாக வீதி போகப்போகிறது என்றால் எழுந்து வருவான். பொதுக்காரியமும் தன் காரியமும் எங்கே தொடுகின்றன என்பது அவனுக்கு அப்போது விளங்கும் என்றும் எழுதுகிறார்.

இதை எங்கள் ஒழுங்கையில் கண்ணால் கண்டேன். வெள்ளம் வடிய வாய்க்கால் வெட்டுவதென்றால் ஒருவருடைய காணியில் மூன்றடி போகும். கிராம அபிவிருத்திச் சங்கம் மூன்று மாலைகள் கூடியது. முதல் நாள் அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், மீன் விற்கும் அக்கா ஒருவர் எழுந்து, போன மாரியில் பேரப்பிள்ளையின் ஏணையை வளையில் உயர்த்திக் கட்டிவிட்டு விடியவிடிய விழித்திருந்த கதையைச் சொன்னார். மறுநாள் காலை அந்த மனிதர் அலவாங்கோடு வந்து தன் வேலிக் கதியால்களைத் தானே பிடுங்கினார். யாரும் கட்டளையிடவில்லை.

இந்தப் பழக்கத்தைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடக்கிறது. கடைசித் தேர்தல் நடந்த 2012க்குப் பிறகு வாக்குரிமை பெற்ற எவரும் அந்தச் சபைக்கு ஒரு புள்ளடிகூட இட்டதில்லை. உள்ளூராட்சித் தேர்தலும் 2023இல் தள்ளிப்போய் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. அதிகாரம் குறைந்த சபைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டு, பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்று சொல்லலாமா? எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மக்களை மந்தையாக்கும் அரசைத்தான் தொக்வில் மிகவும் அஞ்சினார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அல்ஜீரியாவைப் பிரான்ஸ் அடிமைப்படுத்தியதை இதே மனிதர் ஆதரித்தார். கோணேசர் கோயிலை இடித்த கற்களால் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குள்ளால்தான் நாம் இன்றும் கோயிலுக்குப் போகிறோம். அதனால் அதைப் படித்தபோது நெஞ்சு வலித்தது. அவர் சொன்ன சுதந்திரத்தை அவரே மறுத்த மக்களுக்கும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன்.

சுவிஸில் உன் ஊர்ச் சபையில் குடிமக்கள் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பார்கள் என்று முன்பு எழுதியிருந்தாய். உனக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டதே, ஒரு நாளாவது போய் உட்கார்ந்தாயா? அங்கே என்ன பேசினார்கள் என்று விரிவாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்